600க்கு 308: நீடாமங்கலத்துத் தம்பிக்கு என்னென்ன வழி?

நீடாமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அக்கா தன் தம்பிக்காகக் கேட்டிருக்கிறார். தம்பி பிளஸ் டூவில் 600க்கு 308. ஆறாவதிலிருந்தே அரசுப் பள்ளி, தமிழ் வழி, கணிதமும் கணினி அறிவியலும் உள்ள குரூப், பிற்படுத்தப்பட்ட வகுப்பு. தமிழ் 71, ஆங்கிலம் 48, கணிதம் 37, இயற்பியல் 44, வேதியியல் 46, கணினி அறிவியல் 62. அப்பாவுக்குப் பத்து மா நிலம், அதாவது மூன்று ஏக்கருக்குச் சற்று மேல். ரிசல்ட் வந்த மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்த ஒரு புரோக்கர், வெளியூரில் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் மேனேஜ்மென்ட் சீட் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். முதல் வருடத்துக்கு விடுதியோடு ஒன்றரை லட்சம், இந்த வாரத்துக்குள் முன்பணம். அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் புறப்பட்டு நிற்கிறது. மாமாவோ, "படிப்பெல்லாம் எதுக்கு, டெஸ்ட் அடிச்சு சிங்கப்பூர் அனுப்பிடு" என்கிறார்; அங்கே வேலைக்குப் போகத் தேற வேண்டிய தொழில் திறன் தேர்வைத்தான் அப்படிச் சொல்வார்கள். கூடவே சித்தப்பா மகன் ஒருவன், இயற்பியலில் பெயில். "இந்த மார்க்குக்கு வேறு என்னதான் இருக்கிறது?" என்பது கேள்வி.

நிறைய இருக்கிறது, தங்கச்சி. முதலில் அந்த 308ஐ மறந்துவிடுங்கள். சொந்தக்காரர்களைத் தவிர வேறு யாரும் மொத்த மார்க்கைக் கேட்பதே இல்லை. இன்ஜினியரிங் என்றால் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றைத்தான் பார்ப்பார்கள். அரசு கலைக் கல்லூரியில் மொழிப்பாடங்களை விட்டுவிட்டு மற்ற நான்கையும் கூட்டுவார்கள். அங்கேயே பி.ஏ. தமிழ் கேட்டால் தமிழ் மார்க் மட்டும்தான் கணக்கு. ஐடிஐக்குப் பத்தாம் வகுப்பு மார்க். போட்டித் தேர்வுகளில் பெரும்பாலானவற்றுக்குப் பாஸ் என்ற ஒரு சொல் போதும். அதனால் மார்க் ஷீட்டை ஒரே எண்ணாகப் பார்க்காமல் ஆறு எண்களாகப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் உங்கள் தம்பி கணக்கில் பலவீனம், தமிழில் நன்றாக இருக்கிறான், கணினியில் பரவாயில்லை. இதைவிட முக்கியமான ஒரு எண்ணை நீங்கள் எழுதவே இல்லை: அவனுடைய பத்தாம் வகுப்பு மார்க். அது ஏன் வேண்டும் என்று பின்னால் சொல்கிறேன்.

இப்போது புரோக்கர் கதை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, வளையல் அடகுக்குப் போகப் போகிறதே.

அரசு நடத்தும் இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் கட் ஆஃப் 200க்குப் போடுவார்கள். கணிதம் முழு நூறு, இயற்பியலும் வேதியியலும் பாதி பாதி. உங்கள் தம்பிக்கு 37, 22, 23, ஆக 82. பொதுப் பிரிவினருக்கு இந்தப் பாடங்களில் 45 சதவீதமும், பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 40 சதவீதமும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். அவனுக்கு 42 வருகிறது. விளிம்பில்தான், ஆனால் உள்ளே இருக்கிறான். அதாவது நேராகக் கவுன்சிலிங்கிலேயே கலந்துகொள்ளலாம். முதல் சுற்றில் ஒன்றும் கிடைக்காது, கடைசிச் சுற்றில்தான் கூப்பிடுவார்கள். ஆனால் ஒவ்வொரு ஆண்டும் கவுன்சிலிங் எல்லாம் முடிந்த பிறகும் ஆயிரக்கணக்கான இடங்கள் காலியாகத்தான் கிடக்கின்றன. வீடு தேடி வந்து புரோக்கர் விற்கிற கல்லூரி பெரும்பாலும் அந்தக் காலி இடக் கல்லூரிதான். நல்ல கல்லூரிக்கு நீடாமங்கலம் வரை வந்து ஆள் பிடிக்கும் அவசியம் என்ன?

விலையையும் பாருங்கள். தனியார் இன்ஜினியரிங் கல்லூரிகளுக்கு 2017இல் நிர்ணயித்த கட்டணப்படி கவுன்சிலிங் வழியாக வந்தால் ஆண்டுக்கு 50,000 ரூபாய், தர அங்கீகாரம் உள்ள படிப்பென்றால் 55,000. மேனேஜ்மென்ட் இடத்துக்கு 85,000, 87,000. அதே வகுப்பு, அதே பெஞ்சு, அதே வாத்தியார். கவுன்சிலிங்கில் வந்தால்தான் முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகையும் உண்டு. இன்னொன்று, இதைத்தான் புரோக்கர் உங்களிடம் வாயே திறந்திருக்க மாட்டார்: ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்கல்வியில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சிலிங் கட்டணம் எல்லாமே அரசு கட்டுகிறது. உங்கள் தம்பி அந்தப் பட்டியலில் வருகிறான். அரசாங்கமே கட்டத் தயாராக இருக்கிற பணத்துக்காக அம்மா வளையலைக் கழற்றுகிறார்.

ஆகவே கவுன்சிலிங்கில் பதிவு செய்துவிடுங்கள். ரிசல்ட்டை ஒட்டித் தொடங்கி ஏறத்தாழ ஒரு மாதத்தில் பதிவு முடிந்துவிடும். விருப்பப் பட்டியலில் எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம். செங்கிப்பட்டி அரசு பொறியியல் கல்லூரி, திருக்குவளையிலும் பட்டுக்கோட்டைப் பக்கம் ராஜாமடத்திலும் உள்ள அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரிகள் இவற்றை மேலே போடுங்கள். கிடைத்தால் கிடைக்கட்டும், போட்டதற்குக் காசு இல்லை.

ஆனால் இடம் கிடைக்கிறது என்பதற்காகச் சேர்த்துவிடலாமா என்பது வேறு கேள்வி. பி.இ. முதல் பருவத்திலேயே அணிகளும் நுண்கணிதமும் கொண்ட கணக்குத் தாள் வரும். பிளஸ் டூ கணக்கில் 37 வாங்கியவன் அதே கணக்கை ஆங்கிலத்தில், இன்னும் வேகமாக, விடுதிச் சாப்பாட்டோடு படிக்க வேண்டும். எங்கள் தெருவில் ஒரு பையன். மோட்டாரைக் கழற்றிப் போட்டால் கண்ணை மூடிக்கொண்டு மாட்டுவான். அவனை இப்படித்தான் ஒன்றில் சேர்த்தார்கள். முதல் பருவக் கணக்கில் விழுந்த அரியர், அதைத் தூக்குவதற்குள் இரண்டாம் பருவ அரியர் என்று நாலு வருட முடிவில் பதினொன்று. சேர்ந்ததிலிருந்து ஏழு வருடத்துக்குள் எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும் என்பது அண்ணா பல்கலைக்கழக விதி. அவன் முடித்தான், ஆறரை வருடத்தில். அதற்குள் அப்பாவின் நிலத்தில் பாதி இன்னொருவர் பெயருக்குப் போயிருந்தது. பையன் கெட்டிக்காரன்தான். வாசல்தான் தப்பு.

அவனுக்குச் சரியான வாசல் எது என்று கேட்டால் நான் பாலிடெக்னிக் என்பேன். இருபத்தெட்டு வருடம் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பாடம் நடத்தியவன் வேறு எதைச் சொல்வான் என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள், ஆனால் கணக்கையும் பாருங்கள்.

டிப்ளமோ மூன்று வருடம் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். அது பத்தாம் வகுப்பு முடித்துச் சேர்பவர்களுக்கு. பிளஸ் டூ முடித்தவர்களும் ஐடிஐ முடித்தவர்களும் நேரடி இரண்டாம் ஆண்டில் சேரலாம், இரண்டே வருடம். முதல் ஆண்டில் வரும் கணக்கையும் இயற்பியலையும் வேதியியலையும் பிளஸ் டூவில் முடித்துவிட்டான் என்று எடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் தம்பியைப் பயமுறுத்துகிற பகுதி அதோடு பெருமளவு கழிந்துவிடுகிறது. டிப்ளமோ முடித்த பிறகும் படிக்க ஆசை இருந்தால் பி.இ. நேரடி இரண்டாம் ஆண்டு இருக்கிறது. அதற்கென்று தனிக் கவுன்சிலிங்கைக் காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி நடத்துகிறது. அப்போது பார்ப்பது டிப்ளமோ மார்க்கை, பிளஸ் டூவின் 37ஐ அல்ல. இரண்டும் மூன்றும் ஐந்து வருடம். அரியர் இல்லாத பி.இ.யைவிட ஒரு வருடம்தான் அதிகம், எங்கள் தெருப் பையனைவிட ஒன்றரை வருடம் குறைவு. நடுவில் கையில் ஒரு டிப்ளமோ இருக்கும். வீட்டில் ஏதாவது ஆகிப் படிப்பை நிறுத்த வேண்டி வந்தாலும் வெறுங்கையோடு நிற்க மாட்டான். பாதியில் விட்ட பி.இ.க்கு மறுபடியும் பிளஸ் டூ மரியாதைதான்.

எங்கே சேர்ப்பது? துவாக்குடியில் அரசு பாலிடெக்னிக் இருக்கிறது. திருச்சியில் சேஷசாயி, நாகப்பட்டினத்தில் வலிவலம் தேசிகர் இரண்டும் அரசு உதவி பெறுபவை. அரசுக் கல்லூரியில் கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரங்களைத் தாண்டாது. அரசுப் பள்ளியில் படித்த பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவன் கணக்கில் விழும். பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண், அதுவும் அதே தொகை. பட்டப்படிப்பு, டிப்ளமோ, ஐடிஐ எதில் சேர்ந்தாலும் உண்டு. பஸ் பாஸ் போக அந்த ஆயிரத்தில் பையன் டீ செலவைப் பார்த்துக்கொள்வான்.

ஒரு எச்சரிக்கை. கம்ப்யூட்டர் பிரிவில் எல்லோரும் முட்டிமோதுவார்கள், இடம் சீக்கிரம் போய்விடும். கணினியில் 62 வாங்கியவனுக்கு அதில் ஆசை இருந்தால் முதல் நாளே போய் நில்லுங்கள். கிடைக்காவிட்டால் எலக்ட்ரிக்கல், மெக்கானிக்கல் இரண்டையும் மட்டமாக நினைக்க வேண்டாம்.

அடுத்தது ஐடிஐ. இந்தச் சொல்லைக் கேட்டாலே டெல்டாவில் முகம் சுளிப்பார்கள். "பிளஸ் டூ முடிச்சிட்டு ஐடிஐயா?" என்று உங்கள் மாமா கேட்பார். கேட்கட்டும். திருவாரூர், தஞ்சாவூர், நாகப்பட்டினம், திருச்சி என்று பல இடங்களில் அரசு ஐடிஐ இருக்கிறது. கட்டணம் கிடையாது, மேலும் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை தருகிறார்கள். 71 அரசு ஐடிஐகளை டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து, ரோபோ, கணினி வழி இயந்திரங்கள் என்று 2,877 கோடி ரூபாயில் புதுப்பித்திருக்கிறார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்து லேத் பட்டறையை நினைத்துக்கொண்டு போனால் அசந்துபோவீர்கள். சேர்க்கைக்குப் பத்தாம் வகுப்பு மார்க்தான். அதனால்தான் முதலில் அதைக் கேட்டேன். பத்தாவதில் 380, 400 வாங்கிவிட்டுப் பிளஸ் டூவில் சறுக்கிய பிள்ளைகள் ஏராளம். அவர்களுக்கு இந்த வாசலில் பிளஸ் டூ சறுக்கல் தெரியவே தெரியாது.

ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் இரண்டு வருடம். வெல்டர், டீசல் மெக்கானிக் ஒரு வருடம். முடித்தவுடன் வேலைக்கு ஓடாமல், தொழிற்சாலையிலேயே வேலை பழகும் அப்ரண்டிஸ் பயிற்சிக்கு விண்ணப்பிக்க வேண்டும். திருச்சி பெல், பொன்மலை ரயில்வே பணிமனை, துப்பாக்கித் தொழிற்சாலை மூன்றும் நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ரயில்வே அப்ரண்டிஸுக்குத் தேர்வு கிடையாது, பத்தாம் வகுப்பு மார்க்கும் ஐடிஐ மார்க்கும் சேர்த்துத்தான் பட்டியல் போடுவார்கள். அந்தப் பயிற்சியே நிரந்தர வேலை ஆகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், ஆகாது. ஆனால் அந்தச் சான்றிதழுக்கு ரயில்வேயின் கீழ்நிலைப் பணிகளில் தனி ஒதுக்கீடு உண்டு.

நம் ஊருக்கென்றே ஒரு விஷயம் சொல்கிறேன். சம்பா அறுவடைக்கு வருகிற நெல் அறுக்கும் மிஷின்களில் நிறையவே சேலம், ஆத்தூர், பெரம்பலூர் பக்கத்து மிஷின்கள். டிரைவரும் அந்த ஊர்க்காரர். வயலின் நடுவே ஹைட்ராலிக் குழாய் வெடித்தால் மெக்கானிக்குக்கு அங்கேயே போன் போடுகிறார்கள். ஆள் வந்து சேர்வதற்குள் ஒரு மழை வந்து நெல் சாய்ந்துவிடும். மன்னார்குடியிலும் திருத்துறைப்பூண்டியிலும் டிராக்டரும் நடவு மிஷினும் அறுவடை மிஷினும் இத்தனை ஓடுகின்றன. அவற்றைப் பழுது பார்க்க முறையாகப் படித்த உள்ளூர்க்காரர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஐடிஐயில் டிராக்டர் மெக்கானிக், டீசல் மெக்கானிக் படித்து, இரண்டு சீசன் ஒரு பட்டறையில் நின்றவனுக்கு இந்த ஊரில் வேலைக்குப் பஞ்சமே வராது. அரிசி ஆலைகளுக்கும் அப்படித்தான், நல்ல எலக்ட்ரீஷியன் கிடைக்காமல் அல்லாடுகிறார்கள். பத்து மா நிலத்தை விட்டுக்கொடுக்காமல், அப்பா பக்கத்தில் இருந்துகொண்டே சம்பாதிக்கிற வழி இது. தஞ்சாவூரில் நிஃப்டம் என்ற மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறதே, 1967இல் நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமாகத் தொடங்கியது, அங்கே பி.டெக். சேர ஜேஇஇ நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். ஆனால் உணவு பதப்படுத்துவதில் குறுகிய காலப் பயிற்சிகளும் கொடுக்கிறார்கள். பின்னால் உதவும், காதில் போட்டுவையுங்கள்.

கலைக் கல்லூரிக்கு வருவோம். அரசு கலைக் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் இணையத்தில் ஒரே விண்ணப்பம், கட்டணம் ஐம்பது ரூபாய்தான். மன்னார்குடி ராஜகோபாலசுவாமி, திருவாரூர் திரு.வி.க., தஞ்சாவூர் சரபோஜி, கும்பகோணம் ஆடவர் கல்லூரி நான்கையும் போடுங்கள். உங்கள் தம்பிக்கு நான்கு பாடம் சேர்த்து 400க்கு 189 வருகிறது. பி.காம்., கணினி அறிவியல் எல்லாம் முதல் நாளிலேயே நிரம்பிவிடும், அதற்கு ஆசைப்பட வேண்டாம். வரலாறு, பொருளியல், மாலை நேர ஷிப்ட் இவற்றில் வாய்ப்பு உண்டு. கணிதம், இயற்பியல் கடைசிவரை காலியாக இருக்கும், காலியாக இருக்கிறதே என்று அங்கே போய் விழுந்துவிடக் கூடாது. அவனுக்குத் தோதானது பி.ஏ. தமிழ். அந்த வரிசையில் 71ஐத்தான் பார்ப்பார்கள். "தமிழ் படிச்சா வேலை கிடைக்குமா?" என்ற கேள்வி வரும். டிஎன்பிஎஸ்சி குரூப் 2க்கு ஏதோ ஒரு பட்டம் போதும், எத்தனை சதவீதம் என்று கேட்பதில்லை. குரூப் 4க்குப் பத்தாம் வகுப்பே போதும், அதில் தமிழ்ப் பகுதியில் தேறாவிட்டால் மற்றப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். தமிழ் நன்றாக வருகிற பையன் கல்லூரியில் சேர்ந்த அன்றே அதற்குப் படிக்கத் தொடங்கலாம்.

கும்பகோணம் என்றதும் ஒன்று. மார்க் குறைந்த பிள்ளையைத் தேற்ற ராமானுஜன் கதையைச் சொல்கிற வழக்கம் நம் பக்கம் உண்டு. 1904இல் அந்தக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தவர், மற்றப் பாடங்களில் தவறி அதை இழந்தார் என்பது உண்மைதான். ஆனால் அவருக்குக் கணக்கில் மார்க் குறையவில்லை ஐயா! 37 வாங்கியவனிடம் போய் அந்தக் கதையைச் சொன்னால் அவன் மனத்துக்குள் என்ன நினைப்பான்?

அதே கும்பகோணத்தில் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. ஓவியம், சிற்பம், காட்சித் தொடர்பு வடிவமைப்பு. அங்கே வரைந்து காட்ட வேண்டும், மார்க்கைவிடக் கைதான் பேசும். திருவையாற்றில் அரசு இசைக் கல்லூரி, நாதஸ்வரமும் தவிலும்கூடக் கற்றுத்தருகிறார்கள். உங்கள் தம்பி நோட்டின் கடைசிப் பக்கங்களில் என்ன செய்து வைத்திருக்கிறான் என்று ஒரு முறை புரட்டிப் பாருங்கள்.

ஆஸ்பத்திரி வேலையில் மனம் இருந்தால், அரசு மருத்துவக் கல்லூரிகளில் டயாலிசிஸ், மயக்க மருந்து, இசிஜி, அறுவை அரங்கு, அவசர சிகிச்சை என்று டெக்னீஷியன் சான்றிதழ் படிப்புகள் இருக்கின்றன, ஒரு வருடம்தான். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்றிலும் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அறிவிப்பை அங்கேயே போய்க் கேட்பது நல்லது. இவற்றில் பலவற்றுக்கு உயிரியல் கேட்பார்கள். உங்கள் தம்பிக்கு அது இல்லை, கேட்டுவிட்டுப் போங்கள். சமையலில் ஆசை என்றால் துவாக்குடியில் அரசின் ஹோட்டல் மேலாண்மை நிறுவனம். சி.ஏ. படிக்கப் பிளஸ் டூவில் பாஸ் ஆனாலே அடிப்படைத் தேர்வு எழுதலாம். வாசல் அகலம், உள்ளே போகப் போகக் குறுகும், யோசித்துக்கொள்ளுங்கள். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் நீலக்குடியில், வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே க்யூட் நுழைவுத் தேர்வு, அதற்கு ரிசல்ட் வருவதற்கு முன்பே விண்ணப்பித்திருக்க வேண்டும். இந்த வருடம் கதவு மூடியாயிற்று.

தபால் துறையில் கிராமிய அஞ்சல் ஊழியர் வேலை ஒன்று. தேர்வே கிடையாது, பத்தாம் வகுப்பு மார்க்கை வைத்து எடுக்கிறார்கள். பத்தாவதில் 450க்கு மேல் வைத்திருந்தால் அறிவிப்பு வரும்போது போட்டுவையுங்கள்.

சித்தப்பா மகன் விஷயம். பெயில் என்பது உங்கள் தம்பியின் 308ஐவிடச் சுலபமாகச் சரிசெய்யக் கூடியது என்று நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள். இயற்பியலில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. எழுத்தில் 15 எடுத்து, மொத்தம் 35 வந்தால் பாஸ். செய்முறையிலும் அகமதிப்பீட்டிலும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இருபதுக்கு மேல் இருக்கும். அப்படியானால் அவன் தவறியது அந்தப் பதினைந்தில்தான், அல்லது அதையொட்டிய சில மார்க்கில். முதலில் விடைத்தாள் நகல் கேட்டு வாங்கி, கூட்டலில் பிசகு இருக்கிறதா என்று ஒரு வாத்தியாரிடம் காட்டுங்கள். அது நடக்கிறபடி நடக்கட்டும், துணைத் தேர்வுக்கும் உடனே பணம் கட்டிவிடுங்கள், அதற்கான நாட்கள் மிகக் குறைவு. ஜூன் 12இல் மேட்டூர் திறந்து ஆத்துத் தண்ணி கல்லணை தாண்டி உங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர்கிற நேரத்தில் துணைத் தேர்வும் வந்துவிடும். நாற்றங்கால் வேலைக்கு அவனை இழுக்காதீர்கள், ஒரு மாதம் இரண்டே பாடங்களை, அதாவது அலகுகளைத் தேர்ந்தெடுத்துப் படித்தால் போதும். தேறிவிட்டால் அதே ஆண்டே சேரலாம். இன்ஜினியரிங்கில்கூடத் துணைத் தேர்வில் தேறியவர்களுக்குத் துணைக் கவுன்சிலிங் உண்டு, கலைக் கல்லூரிகளிலும் ஆகஸ்ட் வரை மிச்ச இடம் இருக்கும்.

அவனிடம் ஒருவர் வந்து, "பிளஸ் டூ பாஸ் பண்ணாமலே திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் டிகிரி வாங்கித் தர்றேன்" என்று சொல்லக்கூடும். பத்து, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசையில் வராத பட்டத்தைத் தமிழக அரசு வேலைக்கு ஏற்பதில்லை. மூன்று வருடம் கழித்து அழுவதற்குப் பதில் ஒரு மாதம் இயற்பியல் படிக்கலாம். பெயிலான பிள்ளை அறைக்கதவைச் சாத்திக்கொண்டு பேசாமல் இருந்தால் தனியாக விடாதீர்கள். 104க்கு அல்லது 14416க்குப் போன் செய்தால் தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது.

சிங்கப்பூர்? மாமா சொல்வதை நான் தள்ளிவிட மாட்டேன். மன்னார்குடி, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் எத்தனையோ மாடி வீடுகள் அந்தக் காசில் எழுந்தவை. ஆனால் பதினெட்டு வயதில் லட்சக்கணக்கில் கடன் வாங்கி டெஸ்ட் அடித்துவிட்டுப் போகிறவன், முதல் ஒன்றரை இரண்டு வருடம் அந்தக் கடனுக்குத்தான் வேலை பார்ப்பான். கையில் வெல்டர் சான்றிதழோ டிப்ளமோவோ வைத்துக்கொண்டு இருபத்தொரு வயதில் போகிறவன் வேறு சம்பளத்தில், வேறு வகை வேலை அனுமதியில் போக வழி இருக்கிறது. போவதாக இருந்தாலும் படித்துவிட்டுப் போகட்டும். போகும்போது அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் என்று தமிழக அரசுக்கே ஒன்று இருக்கிறது, முதலில் அங்கே பதிந்துகொள்ளட்டும். டூரிஸ்ட் விசாவில் ஏறு, அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்கிறவரை வீட்டுத் திண்ணையிலேயே உட்கார வைக்காதீர்கள்.

இத்தனைக்கும் உங்கள் கடிதத்தில் மாமா சொன்னது இருக்கிறது, புரோக்கர் சொன்னதுகூட இருக்கிறது. தம்பி என்ன சொன்னான் என்று ஒரு வரி இல்லை. அவனை உட்கார வைத்துக் கேட்டால் "தெரியல" என்றுதான் சொல்வான். அதனால் கேட்காதீர்கள். காலை ரயிலில் திருச்சிக்கு அழைத்துப் போங்கள். ஒரு பாலிடெக்னிக் பட்டறையையும் திருவெறும்பூர் ஐடிஐயையும் பார்த்துவிட்டு, வருகிற வழியில் தஞ்சாவூரில் இறங்கிச் சரபோஜி கல்லூரியையும் காட்டுங்கள். எந்த இடத்தில் அவன் செல்போனைப் பையில் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்கிறான் என்று கவனியுங்கள்.

அதற்கு முன்னால் இரண்டு வேலை. இ-சேவை மையத்தில் வருமானச் சான்றும் முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றும் விண்ணப்பித்துவிடுங்கள். நீங்களே பட்டதாரி என்றால் பின்னது தம்பிக்குக் கிடைக்காது, முன்னதை மட்டும் வாங்குங்கள். அப்புறம், புரோக்கர் "பார்த்துட்டுத் தர்றேன்" என்று தம்பியின் ஒரிஜினல் மார்க் ஷீட்டையோ டி.சி.யையோ வாங்கிப் போயிருக்கிறாரா? எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அப்படிப் போன டி.சி. திரும்பி வர நாற்பதாயிரம் ரூபாய் ஆனது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகளே பிடித்து வைக்கக் கூடாது என்பது யுஜிசி என்ற பல்கலைக்கழக மானியக் குழுவின் உத்தரவு, இடைத்தரகருக்கு என்ன உரிமை? போயிருந்தால் நாளை என்று தள்ளாமல் அப்பாவையும் கூட்டிக்கொண்டு இன்றே போய் வாங்கி வாருங்கள்.